காய்ந்த ஏரியில் மூழ்கியவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு, காத்து கருப்பு இதிலெல்லாம் எனக்குத் துளிகூட நம்பிக்கை கிடையாது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பதினாறு வருஷமாகத் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை என் வேலை ஒன்றுதான், ஒரு இரும்புத் துண்டை எடுத்து மைக்ரோமீட்டரில் வைத்து அளவு பார்ப்பது, தப்பாக இருந்தால் சிவப்புத் தொட்டியில் போடுவது. சூப்பர்வைசரே வந்து, "விட்டுடு புவனா, ஒரு முடி அளவுதானே" என்றாலும் விட மாட்டேன். அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் நம்பினாலும் சரி, வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சிரித்தாலும் சரி, நடந்ததைத்தான் சொல்கிறேன்.

எனக்குக் கல் பொறுக்கும் பழக்கம் உண்டு. ஒன்பது வருஷத்துக்கு முன்பு அரியலூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, மண்டபத்துக்குப் பின்னால் இருந்த ஓடையில் காலில் ஏதோ இடறியது. குனிந்து பார்த்தால் உள்ளங்கை அளவில் ஒரு கல், ஆட்டுக்கொம்பைச் சுருட்டி வைத்த மாதிரி, சுருள் சுருளாக, ஒவ்வொரு சுருளிலும் வரிவரியாக. உள்ளூர்க்காரர் ஒருவர், "அது நத்தைக்கல்லுங்க, இங்க நிறைய கெடக்கும்" என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அம்மோனைட் என்று பெயராம். கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தம், ஓட்டுக்குள் இருந்துகொண்டு கடலில் மிதந்து திரிந்த பிராணி, கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்பு செத்து அடிச்சேற்றில் புதைந்து, சேறு கல்லாகி, இதுவும் கல்லாகிவிட்டது. அந்தக் கடலும் எங்கேயோ போய்விட்டது. பஸ்ஸும் மாடும் போகிற இடத்தில் ஒரு காலத்தில் தலைக்கு மேல் கடல் இருந்தது என்று நினைத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, அது பயமில்லை, சந்தோஷம். அதிலிருந்து பிடித்துக்கொண்டது. வீட்டில் ஒரு இரும்பு அலமாரி முழுக்க நாற்பது ஐம்பது நத்தைக்கல் சேர்ந்துவிட்டது.

எங்கள் அப்பா கோயில் மடப்பள்ளியில் வேலை பார்த்தவர், பூஜையில் ஒரு சாளக்கிராமம் வைத்திருக்கிறார். "அப்பா, உங்க சாளக்கிராமமும் இதேதான், உள்ள இருக்கறது செத்துப்போன கடல் பிராணி" என்று ஒருநாள் சொன்னேன். "இருக்கட்டுமே, பெருமாள் எதுக்குள்ள வேணா இருப்பார்" என்று சொல்லிவிட்டு அதன் தலையில் துளசியை வைத்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

என் வீட்டுக்காரர் பெயர் தணிகாசலம். எங்கள் கம்பெனி ஷிப்ட் பஸ் ஓட்டுகிறவர், பஸ்ஸில்தான் எங்களுக்குப் பழக்கம், கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலும் குதித்தார்கள், அது வேறு கதை. அவருக்குச் செங்கல்பட்டுக்கு மேற்கே ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். கல்லைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் நான் எங்கே போக வேண்டும் என்றாலும் பைக்கை எடுத்துவிடுவார். "அவனவன் பொண்டாட்டி நகை கேக்குறா, எனக்கு வாய்ச்சது கல்லு கேக்குது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார், சொல்லும்போதே ஒரு பெருமை இருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, மே மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவருக்கு ஏழுமலை போன் பண்ணினான். ஏழுமலை அவர் ஊர்க்காரன், ஜேசிபி ஓட்டுகிறவன், அவருக்குத் தம்பி முறை. அவர்கள் ஊர் ஏரியில் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணாத்த, அண்ணிகிட்ட சொல்லு, நத்தை ஒண்ணு கீது. சின்னது இல்ல, அம்மிக்கல்லு சைசு. பள்ளத்து சொவுத்துல பாதி வெளிய நிக்குது. நாளைக்கு அந்தப் பக்கத்த வெட்டிடுவேன், அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

நான் அடுப்பை அணைத்துவிட்டேன். எங்கள் பக்கத்திலும் பழைய கடல் மண் அடியில் உண்டு என்று படித்திருந்தேன், ஆனால் ஒரு துண்டுகூட எனக்கு இங்கே கிடைத்ததில்லை, அதுவும் அம்மிக்கல் அளவில். மகளுக்கு டியூஷன், அவளை அப்பா வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

ஏரிக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்று இருக்கும். அந்த வெயிலைச் சொல்ல வேண்டும். ஏரி முழுக்கக் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் கை நுழையும். கண்ணுக்கெட்டின தூரம் தண்ணீர் என்கிற பேச்சே இல்லை, கடல் அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குக் குறையாது. ஏரி நடுவில் ஜேசிபி நின்றது, பக்கத்தில் இரண்டு ஆள் ஆழத்துக்கு ஒரு பள்ளம், ஒரு பக்கம் மட்டும் இறங்கிப் போகிற மாதிரி சரிவு வெட்டியிருந்தான். ஏழுமலை கரைமேல் வேலமர நிழலில் சாப்பாட்டுத் தூக்கைப் பிரித்துக்கொண்டிருந்தான். "போய்ப் பாருங்க அண்ணி, நான் துன்னுட்டு வரேன்" என்று கையை ஆட்டினான்.

இறங்கினோம். மேலே ஒரு ஆள் உயரத்துக்குக் கருப்புக் களிமண். அதற்குக் கீழே வெளிர் மஞ்சளில், அட்டையை அடுக்கி வைத்த மாதிரி மெல்லிய படிவுக் கல். அந்தச் சுவரில், என் இடுப்பு உயரத்தில், அது இருந்தது. பாதி உள்ளே, பாதி வெளியே. நான் அரியலூரில் எவ்வளவோ பார்த்திருக்கிறேன், ஆனால் இந்த மாதிரி பார்த்ததில்லை. ஒரு வரி உடையவில்லை, தேயவில்லை. நேற்றுத்தான் செத்த மாதிரி இருந்தது. தொட்டேன். ஈரமாக இருந்தது.

"ஊத்து இருக்கும்போல" என்றேன்.

"ஊத்தா? ஏழுமலை இன்னா சொன்னான், பத்து அடி தோண்டியும் ஒரு சொட்டு ஈரம் கெடையாதுன்னான்" என்றார் அவர்.

சுற்றிலும் பார்த்தேன். உண்மைதான், சுவர் முழுக்க மாவு மாதிரி காய்ந்து கிடந்தது. அந்தக் கல் மட்டும் ஈரம். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன், கல் பொறுக்குகிறவர்கள் இப்படிச் செய்வது வழக்கம்தான், களியா மணலா என்று நாக்குக்குத் தெரிந்துவிடும். உப்பு. வியர்வை உப்பு எனக்குத் தெரியாதா, அது இல்லை. மாமல்லபுரத்தில் அலை அடித்து முகத்தில் தெறிக்கும்போது உதட்டில் ஒரு ருசி வருமே, அது. கூடவே ஒரு வாடை. கடலோரப் பாறையில் பாசி வழுக்குகிற இடத்தில் குனிந்தால் மூக்கில் ஏறுமே, அந்தப் பச்சை வாடை.

அப்போதே மேலே ஏறியிருக்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், பயமே வரவில்லை, ஆசைதான் வந்தது. பழைய உப்புப் படிவு ஏதோ கரைந்து வருகிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவர் சுத்தியலையும் உளியையும் எடுத்துக் கல்லைச் சுற்றித் தட்ட ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் எனக்குக் காது அடைத்துக்கொண்டது, ஏற்காடு மலையில் பஸ் ஏறும்போது அடைக்குமே அப்படி. எச்சில் விழுங்கிப் பார்த்தேன், விடவில்லை.

"உங்களுக்குக் காது அடைக்குதா?" என்றேன்.

"இன்னா?" என்றார். இரண்டடி தூரத்தில் நிற்கிறார், அவர் குரல் பக்கத்து வீட்டிலிருந்து வருகிற மாதிரி கேட்டது.

"ஒண்ணுமில்ல. சின்ன உளி பைக் பெட்டியில இருக்கு, எடுத்துட்டு வரேன். அடியில நோண்டாதீங்க, உடைஞ்சிரும்."

"சீக்கிரம் வா, வெயிலு மண்டையைப் பொளக்குது."

அதுதான் அன்றைக்கு அவர் கடைசியாகப் பேசினது. சரிவில் ஏறி, ஒரு நாற்பது ஐம்பது அடி நடந்து பைக்குக்குப் போனேன். மேலே வந்ததும் காது பட்டென்று திறந்துகொண்டது, தூரத்தில் ஒரு ஆடு கத்துவது கேட்டது. சின்ன உளியையும், கல்லைச் சுற்ற ஒரு பழைய புடவையையும் எடுத்தேன். முழுசாக இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்த நேரம் முழுக்க அவர் சுத்தியல் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பி வரும்போது சத்தம் நின்றது. பள்ளத்து விளிம்பில் வந்து நின்று எட்டிப் பார்த்தேன்.

இனிமேல் சொல்கிறதைத்தான் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

அவர் உளியால் தட்டின தூள் கீழே விழவில்லை. அவரைச் சுற்றி மஞ்சள் மஞ்சளாக, அப்படியே அந்தரத்தில் நின்றது. நின்றதோடு இல்லை, எல்லாம் ஒன்றாக ஒரு பக்கமாகச் சாய்ந்து நகர்ந்தது, பிறகு ஒன்றாக எதிர்ப் பக்கமாக வந்தது, திரும்பவும் போனது. அவர் சட்டையின் கீழ்ப்பகுதி இடுப்பை விட்டு மெதுவாக மேலே எழும்பி விரிந்தது. தலைமுடி நட்டுக்கொண்டு, அதுவும் அதே மாதிரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அசைந்தது. காற்று துளி இல்லை. என் கையில் இருந்த புடவை தொங்கினது தொங்கினபடி இருக்கிறது.

அவர் அண்ணாந்து என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. இரண்டு கையாலும் எதையோ கீழே தள்ளுகிற மாதிரி மெதுவாக, ரொம்ப மெதுவாக அடித்தார். கால் தரையில் சரியாக ஊன்றவில்லை, கட்டைவிரல் மட்டும் மண்ணைத் தொட்டது. அவர் கிணற்றில் குதித்து வளர்ந்தவர், நீந்துவது அவருக்கு நடக்கிற மாதிரி. அந்தக் கை அசைவு எனக்குத் தெரியும். அவர் மேலே வரப் பார்க்கிறார். ஆனால் மேலே வர அங்கே தண்ணீர் இல்லை, வெறும் வெயில்தான் இருக்கிறது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. இதை மறைக்க விரும்பவில்லை. கத்தினேனா என்றும் தெரியாது. ஒரு கட்டத்தில் அவர் கண் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டது, திறந்துதான் இருந்தது, ஆனால் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்குக் கால் வந்தது. சரிவில் ஓடினேன். பாதி சரிவில் காது அடைத்தது. அதற்கப்புறம் ஓட முடியவில்லை, நட்ட வயலில் இறங்கி நடக்கிற மாதிரி ஒவ்வொரு காலையும் பிடுங்கி வைக்க வேண்டியிருந்தது. எனக்கு ஈரம் படவில்லை. குளிர் மட்டும் இருந்தது, மே மாசத்து மத்தியான வெயிலில் பல் கிட்டிக்கொண்டது. மூச்சை அடக்கிக்கொண்டுதான் போனேன், யாரும் சொல்லித்தரவில்லை, அதுவாக அடங்கிவிட்டது.

அவரிடம் போய்ச் சேர்ந்தேன். இரண்டு கையாலும் அவர் தோளைப் பிடித்தேன். தூக்கினேன். என்ன பலம் உண்டோ அவ்வளவையும் போட்டு மேலே தூக்கினேன். இதை எங்கள் பெருமாள் முன்னால் கற்பூரம் அணைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன்.

"அண்ணீ!" என்று மேலேயிருந்து ஏழுமலை அலறினான்.

அந்தச் சத்தம் கேட்ட நொடியில் எல்லாம் விட்டுவிட்டது. தூள் மொத்தமும் பொத்தென்று ஒரே சமயத்தில் விழுந்தது. அவர் உடம்பு மூட்டை மாதிரி என்மேல் சரிந்தது. ஏழுமலை சரிவில் வராமல் விளிம்பிலிருந்தே குதித்தான், அவரைப் பிடுங்கிக் குப்புறப் போட்டு முதுகில் குத்தினான். வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. எச்சிலோ வாந்தியோ என்று நினைக்காதீர்கள், தெளிந்த தண்ணீர், ஒரு குடம் கவிழ்ந்த மாதிரி. காய்ந்த மண் அதைச் சர்ரென்று குடித்தது.

"இன்னாத்த குடிச்சாரு? இன்னாத்த குடிச்சாரு அண்ணி?" என்று அவன் கத்திக்கொண்டே குத்தினான்.

நான் அவர் சட்டையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டை காய்ந்திருந்தது. முடி காய்ந்திருந்தது. சட்டைப் பையில் போன் இருந்தது, அது அந்த நேரம் பார்த்து அடித்தது, மகள் கூப்பிடுகிறாள், டியூஷன் முடிந்திருக்கும்.

ஊரில் ஒரு குட்டியானை வண்டி கிடைத்தது. காய்கறிக் கூடைகளைத் தள்ளிவிட்டு அவரைப் பின்னால் படுக்கவைத்துக்கொண்டு செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அவர் மூச்சில் கொரகொரவென்று சத்தம் வந்தது, உதடு நீலமாகிவிட்டது. அவசரப் பிரிவில் ஒரு இளவயசு லேடி டாக்டர், ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்ட உடனே ஆக்சிஜன் போடச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"எந்த பீச்சும்மா? மகாபலிபுரமா, கோவளமா?"

"பீச் இல்ல டாக்டர். ஏரி."

"எந்த ஏரியில இப்ப தண்ணி கீது?" இதைக் கேட்டது ஸ்டிரெச்சர் தள்ளுகிற அண்ணன். டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி இல்ல" என்றேன். "காஞ்ச ஏரி. பள்ளத்துல நின்னுகிட்டிருந்தார்."

டாக்டர் ரத்தம் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அரை மணி நேரம் கழித்து ரிப்போர்ட்டோடு வந்து, கோபமாக, "அம்மா, நான் வாரா வாரம் ஞாயித்துக்கிழமை இங்க நாலு பேரைப் பாக்கறேன். லங்ஸ் ஃபுல்லா தண்ணி இருக்கு, ரத்தத்துல உப்பு கன்னாபின்னான்னு ஏறியிருக்கு. கடல்ல மூழ்கினாத்தான் இப்படி வரும். குடிச்சிட்டு எறங்கினாரா? பரவால்ல, சொல்லுங்க, நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். உண்மை தெரிஞ்சாத்தான் எனக்கு வைத்தியம் பண்ண முடியும்" என்றார்.

நான் ஏழுமலையைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் ஒரு போலீஸ்காரர் நோட்டோடு வந்து அதையே கேட்டார், எந்த இடம், எத்தனை மணி, கூட யார். நான் இரண்டாவது முறையும் ஏரி என்றுதான் சொன்னேன். அவர் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், ஒரு மாதிரியான பார்வை, புருஷனை என்ன செய்தாய் என்று கேட்கிற பார்வை. உள்ளே என் வீட்டுக்காரர் குழாயில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். நான் "மகாபலிபுரம்" என்று சொன்னேன். "கோயிலுக்குத் தெக்கால." எழுதினார், படித்துக் காட்டினார், கையெழுத்துப் போட்டேன். பதினாறு வருஷத்தில் நான் தப்பென்று தெரிந்தே சரி என்று கையெழுத்துப் போட்ட ஒரே காகிதம் அதுதான்.

மறுநாள் காலையில்தான் அவர் கண் திறந்தார். முகமூடியைக் கொஞ்சம் விலக்கினார். நான் குனிந்தேன்.

"இன்னாத்துக்கு புவனா என்னை அமுக்குன?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "என்னங்க?" என்றேன்.

"மேல வந்துட்டேன். வெளிச்சம் தெரிஞ்சுது. இன்னும் ஒரு கை தூரம். நீ தோளைப் புடிச்சு அமுக்கிட்ட." கோபமே இல்லை அவர் குரலில். காரணம் தெரிந்தால் போதும் என்கிற மாதிரி கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் தூங்கிவிட்டார்.

ஐந்து நாளில் வீட்டுக்கு வந்தார், பத்தாவது நாள் பஸ் எடுத்துவிட்டார். அவருக்குக் கல்லைத் தட்டினது வரைக்கும்தான் ஞாபகம். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் என்னிடம் கேட்டதைச் சொன்னேன், "நானா? அப்படியா கேட்டேன்? மயக்கத்துல ஒளறியிருப்பேன், வுடு" என்று சிரித்தார். பொய் சொல்லுகிற முகம் எனக்குத் தெரியும், அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை.

எனக்கு விடவில்லை. கம்பெனியில் ஒருவர் பள்ளத்தில் விஷவாயு தேங்கியிருக்கும் என்றார், வாயு அடித்தால் நுரையீரலில் நீர் கோக்கும் என்றார். அதைப் பிடித்துக்கொண்டு நாலு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். அப்புறம், வாயுவில் உப்பு எங்கிருந்து வரும் என்று யோசித்ததும் தூக்கம் போய்விட்டது. ஒருநாள் ஷிப்ட் முடிந்ததும் நேராக ஏழுமலையைப் பார்க்கப் போனேன். ஏரியில்தான் இருந்தான். அந்தப் பள்ளம் இல்லை. வேறு இடத்தில் வெட்டிக்கொண்டிருந்தான்.

"மூடிட்டேன் அண்ணி. அன்னிக்கி சாயந்திரமே வந்து மூடிட்டேன். காண்ட்ராக்டரு கத்துனான், கத்திக்கினு போன்னு வுட்டுட்டேன்."

"கல்லு?"

"உள்ளதான் கீது. நான் தொடல."

"ஏழுமலை, நான் கத்தினதைக் கேட்டா நீ வந்த?"

"நீங்க கத்தல அண்ணி. சுத்தி சத்தம் நின்னு ரொம்ப நேரமாச்சு, கல்லு வந்துடுச்சான்னு பாக்க வந்தேன்."

ரொம்ப நேரம். "வந்து பாத்தப்ப நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?"

ஜேசிபி சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தான். "அண்ணன் தோளு மேல ரெண்டு கையும் வெச்சினு இருந்தீங்க."

"தூக்கினேன் இல்ல?"

"அண்ணி, நான் மேலேர்ந்து பாக்கசொல்ல..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், "தூக்குறீங்களா, அமுக்குறீங்களான்னு எனக்குத் தெரியல. அதான் அப்படி அலறுனேன்" என்றான். உடனே, "தூக்கித்தான் இருப்பீங்க. வேற இன்னா பண்ணப்போறீங்க" என்று சேர்த்துக்கொண்டான். வண்டியில் ஏறி இன்ஜினைப் போட்டுவிட்டான், அதற்கு மேல் அந்தச் சத்தத்தில் பேச முடியவில்லை.

அலமாரியில் இருந்த கல்லையெல்லாம் ஒரு காலேஜுக்குக் கொடுத்துவிட்டேன். அந்த வருஷ மழையில் ஏரி நிரம்பியது. நல்ல தண்ணீர்தான், ஊரே குடிக்கிறது, மீன் பிடிக்கிறார்கள், ஒரு குறையும் இல்லை.

போன ஜனவரியில், காணும் பொங்கலுக்கு, சொந்தக்காரர்களோடு மாமல்லபுரம் போனோம். அவர் அங்கே மூழ்கினவர் என்று சொல்லி எல்லோரும் பயந்தார்கள், நானும்தான், கடலைப் பார்த்தால் என்ன ஆகுமோ என்று. அவருக்கு ஒன்றுமே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, மகளைத் தூக்கி அலையில் போட்டு, அப்படி ஒரு சிரிப்பு. பெரிய அலை ஒன்று வந்தது. நான் பயத்தில் அவர் கையைப் பிடித்தேன். பிடித்ததும் அவர் மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சு புடைக்க, அப்படியே அடக்கிக்கொண்டார். அலை வந்து இடுப்பில் அடித்துவிட்டுப் போனது. நான் கையை விட்டேன். மூச்சை விட்டார்.

அலைக்காகத்தான் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு கவனித்தேன். காபி டம்ளர் கொடுக்கும்போது என் விரல் பட்டால் மூச்சை இழுத்து அடக்குகிறார். தலையில் எண்ணெய் வைத்துவிடும்போது அடக்குகிறார். மகள் தொட்டால் இல்லை, வேறு யார் தொட்டாலும் இல்லை. கேட்டேன், "நானா? இன்னா உளர்ற" என்றார். அவருக்கே தெரியாமல் நடக்கிறது.

இரண்டு வாரத்துக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை மத்தியானம், அவர் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் போய் நின்று, அவர் தோளில் ஒரு கையை லேசாக வைத்தேன். மூச்சை இழுத்தார், அடக்கினார். நான் கையை எடுக்காமல் இன்னொரு கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். என் வேலை புத்தி, அளந்து பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு நிமிஷம் ஆனது. அவர் முகம் எதிரே இருந்த அலமாரிக் கண்ணாடியில் தெரிந்தது, ஒரு கஷ்டமும் இல்லை, காமெடி சீனுக்கு உதடு சிரிக்கக்கூடச் சிரித்தது. மூன்று நிமிஷம் ஆனது. நெஞ்சு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நாலாவது நிமிஷம் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. பயந்துபோய்க் கையை எடுத்தேன். அவர் மெதுவாக மூச்சை விட்டுவிட்டு, "தண்ணி கொண்டா புவனா" என்றார்.

எடுத்த கையைப் பார்த்தேன், விரல் நுனியெல்லாம் ரத்தம் வற்றி வெளுத்திருந்தது. அவர் பனியனுக்கு வெளியே, தோளில், நாலு விரலும் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது. நான் லேசாகத்தான் வைத்தேன். அழுத்தினதாக எனக்கு ஞாபகமே இல்லை.